உரிம எண் 14 இலக்கம், புரதம் எத்தனை கிராம்?

அனுப்புநர்:
புரதப் பொடி வாங்கக் கடைக்குப் போன பொதுஜனம்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
எஃப்.டி.ஏ. பவன், கோட்லா சாலை, புது தில்லி.

பொருள்: புரதப் பொடி – பல வகை – எதை வாங்குவது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006.
2. டப்பாவின் பின்பக்கம் (பூதக்கண்ணாடி உதவியுடன்).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்காண் பொருள் தொடர்பாக மனுதாரர் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

சொற்களைத் துப்புரவு செய்வதில் ஆணையம் காட்டிவரும் அக்கறை மெச்சத்தக்கது. 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தினீர்கள். சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை என்பது காரணம். அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ ஆகிவிட்டது. பெயர் மாறிய சேதி பாட்டிலுக்குள் இருந்த பொடிக்கு எட்டியதா என்பது தெரியவில்லை. 2025 மே மாதத்தில், உணவு டப்பாக்களில் ‘100%’ என்று போடுவதைத் தவிர்க்கச் சொன்னீர்கள். அதுவும் நல்ல காரியம்தான். ‘100% வே புரதம்’ என்று நெற்றியில் எழுதிய டப்பாவுக்குள் கோகோ, இனிப்பூட்டி, கெட்டிப்படுத்தி எல்லாம் எந்தச் சதவீதத்தில் குடியிருக்கின்றன என்று மனுதாரரும் வெகுநாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மனுதாரரின் குறை சொல்லில் இல்லை, ஸ்கூப்பில் இருக்கிறது.

மனுதாரரின் மகன் ஜிம்மில் சேர்ந்தான். மாஸ்டர், “தம்பிக்கு ஒரு வே எடுத்துக் குடுங்கண்ணே, பாடி ஏறும்” என்றார். கடைக்குப் போனால், “கான்சன்ட்ரேட்டா, ஐசோலேட்டா, ஹைட்ரோலைசேட்டா?” என்று கேட்கிறார்கள். பொடி வாங்கப் போனவர் வேதியியல் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தார்.

தேர்வில் தேறிய பிறகு மனுதாரர் புரிந்துகொண்டது இவ்வளவு. பாலைத் திரியவைத்துச் சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீரில் இருப்பது வே. பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே. மேலை நாட்டுச் சீஸ் ஆலைகள் ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரைப் பன்றிகளுக்கு ஊற்றின, மிச்சத்தை ஆற்றில் விட்டன. இன்று அதை நுண்சல்லடையில் வடித்து உலர்த்தினால், 80 சதவீதம் வரை புரதம் உள்ளது கான்சன்ட்ரேட். இன்னும் வடித்து 90 சதவீதத்தைத் தொட்டால் ஐசோலேட். நொதி விட்டு முன்கூட்டியே உடைத்துக் கொடுத்தால் ஹைட்ரோலைசேட். பால் குடித்தால் வயிறு உப்புகிறவருக்கு, லாக்டோஸ் குறைந்த ஐசோலேட் வாங்க நியாயம் உண்டு. மற்றவருக்கு? 30 கிராம் ஸ்கூப்பில் கான்சன்ட்ரேட் 24 கிராம் புரதம் தரும், ஐசோலேட் 27 கிராம். இடையில் இருப்பது 3 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருப்பதால், விலையுயர்ந்த டப்பாவுக்குத் தாவினால் ஒவ்வொரு ஸ்கூப்பிலும் வாங்குபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அரை முட்டை.

அடுத்த அலமாரியில் கேசீன். அது வயிற்றில் திரிந்து மெதுவாகச் செரிப்பதால் ராத்திரிக்கு. அதற்கடுத்தது சைவ அலமாரி: சோயா, பட்டாணி, அரிசி. அரிசிப் புரதத்தில் லைசீன் குறைவு, பட்டாணியில் அது தாராளம். ஆகவே இரண்டையும் கலந்த டப்பாவுக்கு ‘அட்வான்ஸ்டு ஃபார்முலா’ என்று பெயர். அரிசியோடு உளுந்தைச் சேர்த்து அரைக்கும் வீடுகள் இதே ஃபார்முலாவை உரிமம் இல்லாமல் தினமும் காலையில் ஆவியில் வேக வைப்பதை ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவர மனுதாரர் தயங்குகிறார்.

மாஸ் கெயினர் என்பது வேறு ரகம். டப்பா வாளி அளவு, ஸ்கூப் கரண்டியளவு, உள்ளே பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்து. உடம்பு ஏறும் என்பதில் பொய்யில்லை. எந்த இடத்தில் ஏறும் என்பதை மட்டும் டப்பா சொல்வதில்லை.

கொலாஜன் பொடிதான் மனுதாரரை மயங்கவைத்தது. எடைக்கு எடை பார்த்தால் அதில் ஏறத்தாழ முழுக்கப் புரதம். ஆனால் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத டிரிப்டோபான் அதில் கிடையாது. புரதத்தின் தரத்தை அளக்க உலக உணவு, சுகாதார நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அமினோ அமில மதிப்பெண்ணில், பால் புரதம் முழு மதிப்பெண் 1 வாங்குகிறது. கொலாஜன் வாங்குவது பூஜ்யம். வெறும் பூஜ்யம் வாங்கிய பிள்ளையின் படத்தைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு, கூடுதல் கட்டணம் வாங்கும் பள்ளிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

இனி கணக்குப் பாடம். டப்பாவில் ‘புரதம் 24 கிராம்’ என்று போடுகிறவர் பெரும்பாலும் புரதத்தை எண்ணுவதில்லை, நைட்ரஜனை எண்ணுகிறார். 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறை அது. நைட்ரஜனை அளந்து 6.25 கொண்டு பெருக்கினால் புரதம் வந்துவிடும். பால் பொருளென்றால் 6.38. யோக்கியமான சரக்கில் இது யோக்கியமான கணக்கு. சரக்கில் வேறெதையாவது கலந்துவிட்டால், கருவி அதற்கும் சேர்த்துத் தலையாட்டும். மலிவான கிளைசீன் ஒரு கிராம் தூவினால் சோதனையில் 1.17 கிராம் ‘புரதம்’ ஏறும். கிரியேட்டின் ஒரு கிராம் தூவினால் கிட்டத்தட்ட 2 கிராம். தொழிலில் இதற்கு ‘அமினோ ஸ்பைக்கிங்’ என்று பெயர். உரக்கடையில் யூரியா மூட்டையின் மேல் ‘46% நைட்ரஜன்’ என்று அச்சிட்டிருக்கும். 6.25 கொண்டு பெருக்கிப் பாருங்கள்: 287.5 சதவீதப் புரதம். எந்த ஐசோலேட்டும் கிட்டே வர முடியாது, போதாக்குறைக்கு மானியமும் உண்டு.

சிரிப்பு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் கணக்கை நேராக்க மெலமைன் கலந்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, 6 குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டே இந்தியா சீனப் பால் பொருள்களுக்குத் தடை போட்டது. ஆக, நைட்ரஜனை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பது தில்லிக்குத் தெரியாத சங்கதி அல்ல.

2024-இல் ‘மெடிசின்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் உடனிருந்தோரும், இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்திருந்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரத அளவு சரியில்லை, சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். மருத்துவர்கள் பொடியை அளக்கிறார்கள், ஆணையம் சொற்களை அளக்கிறது. வேலைப் பங்கீடு தவறுதலாக மாறிவிட்டதோ என்று மனுதாரர் ஐயப்படுகிறார்.

சொல்லை அளப்பதிலும் கை சற்று நடுங்கத்தான் செய்கிறது. ‘ஏ1’, ‘ஏ2’ என்று போட்டுப் பால் பொருள் விற்பது தவறான தகவல், நீக்குங்கள் என்று 2024 ஆகஸ்ட் 21 அன்று உத்தரவிட்டீர்கள். ஐந்தே நாளில், 26 அன்று, அந்த உத்தரவையே நீக்கிவிட்டீர்கள். ஏ1, ஏ2 வித்தியாசம் இருப்பது பீட்டா கேசீனில். கேசீன் பெரும்பாலும் சீஸோடு போய்விடும், வேயில் தங்காது. ஆனாலும் ‘ஏ2 வே’ டப்பா அலமாரியில் கம்பீரமாக நிற்கிறது.

மனுதாரரின் இன்னொரு சங்கடம் குடும்பத் தகராறு போன்றது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே பொடியைத் தயாரிப்பவருக்கு 14 இலக்க உரிம எண் தருவது ஆணையம். இரு அலுவலகங்களுக்கும் மேலே இருப்பது ஒரே சுகாதார அமைச்சகம். சராசரி மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது அரசுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள மகனுக்கு 50 கிராம். 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எடை தூக்குபவருக்குக்கூட 1.6 கிராமுக்கு மேல் போனால் தசையில் கூடுதல் பலன் தெரியவில்லை என்கிறது. அந்தக் கணக்கில் 96 கிராம். இரண்டுக்கும் நடுவே உள்ள 46 கிராமைச் சாப்பாட்டுத் தட்டில் தேடுவதா, டப்பாவில் தேடுவதா என்பதே வாங்குபவரின் கேள்வி. அதற்கு விடை தேடி டப்பாவைத் திருப்பினால், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று 2016-ஆம் ஆண்டு விதிப்படி ஆணையம் அச்சிட வைத்த வரிதான் கண்ணில் படுகிறது.

ஆகவே, சமூகம் கருணை கூர்ந்து கீழ்க்காண்பவற்றை நிறைவேற்றித் தருமாறு மனுதாரர் வேண்டுகிறார்:

1. ஒவ்வொரு தொகுதிச் சரக்கின் ஆய்வக முடிவையும், நைட்ரஜனாக அல்ல, அமினோ அமிலம் அமினோ அமிலமாக, டப்பாவில் உள்ள கியூஆர் கோடில் காட்டச் செய்ய வேண்டும்.

2. புரதத்தின் தர மதிப்பெண் டப்பாவின் முன்பக்கம், தசைப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும். பூஜ்யம் என்றாலும் பூஜ்யத்தை மறைக்கக் கூடாது.

3. ‘ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம்’ என்பதை அச்சிட வேண்டும். ஒப்பீட்டுக்கு, 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமுள்ள பொட்டுக்கடலையும், சுமார் 50 கிராம் உள்ள மீல் மேக்கரும் அதே அலமாரியில் தொங்கவிடப்பட வேண்டும்.

4. கோட்லா சாலை அதிகாரிகளும் ஐதராபாத் அதிகாரிகளும் ஒரு முறையாவது ஒரே மேசையில் தேநீர் அருந்த வேண்டும். பிஸ்கட் செலவை மனுதாரர் ஏற்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: காலி டப்பா – 1 (வீட்டில் தற்சமயம் துவரம் பருப்பு போட்டு வைத்திருப்பதால், பருப்பு தீர்ந்தவுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்படும்).