பந்தியில் பிடித்த சண்டை

லெந்து காலம் வந்தால் போதும், தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்துக் கடிதங்களில் வேத வாசனை ஏறிவிடுகிறது. போதகரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் கேட்கிறீர்கள். அவர் பாவம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி (கிழக்குத் தாம்பரம்): நியாயப்பிரமாணம், விசுவாசம், கிருபை என்று ஆதிச் சபையில் அப்படி என்னதான் சண்டை? சுருக்கமாகச் சொல்லவும்.

பதில்: யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான்.

கேள்வி (குரோம்பேட்டை): பவுலும் பேதுருவும் நிஜமாகவே சண்டை போட்டார்களா? இருவருக்கும் ஜூன் 29-ல் ஒன்றாகத் திருநாள் கொண்டாடுகிறோமே!

பதில்: போட்டார்கள், அதுவும் ஊரறிய. பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். இடம் அந்தியோகியா. யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்து இறங்கினார்கள். பேதுரு மெல்ல நழுவினார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் நழுவினார்கள். பவுலோடு ஊர் ஊராக அலைந்த பர்னபாவும் எழுந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்பது நிருபத்தில் இல்லை. எழுதியவர் பவுல் அல்லவா!

இதில் கவனிக்க வேண்டியது, பேதுரு எந்த உபதேசத்தையும் மறுத்துப் பேசவில்லை. வாயைத் திறக்காமல் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பவுலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விருத்தசேதனம் செய்துகொண்டு உணவு விதிகளையும் கைக்கொண்டால்தான் பக்கத்தில் உட்காரலாம் என்றால், கிறிஸ்து மட்டும் போதாது என்று ஆகிவிடும். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவரும் நீதிமானாவதில்லை என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் அந்த நிருபத்தில் தொடங்குவது, இந்தப் பந்திக் கதை முடிந்த கையோடுதான். பிற்காலத்தில் இறையியல் கல்லூரிகளில் அதைத் தனியே பிரித்தெடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். பந்தி மறந்துபோயிற்று.

கேள்வி (மேடவாக்கம், ஒரு வழக்கறிஞர்): தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த அதே பவுல், தீமோத்தேயுவுக்குத் தாமே செய்து வைத்தார். கட்சிக்காரரைப் பார்த்து வாதம் மாறுகிறதே?

பதில்: உங்களுக்குத் தெரியாத வித்தையா ஐயா? தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தீத்து கிரேக்கர். தீத்து விஷயத்தில் அதைச் சேர்க்கைக்கான நிபந்தனையாகக் கேட்டார்கள். தீமோத்தேயு விஷயத்தில் யாரும் நிபந்தனை போடவில்லை. சுற்று வட்டாரத்து யூதர்களிடையே அவரை அழைத்துப் போக வசதியாக இருக்கும் என்று பவுலே முடிவு செய்தார். கட்டாயம் என்றால் முடியாது, விருப்பம் என்றால் பரவாயில்லை. பவுலின் மனநிலை முழுவதற்கும் இந்த ஒரு சாவி ஏறக்குறையப் பொருந்தும்.

கேள்வி (செம்பாக்கம்): விசுவாசம் போதும் என்கிறார் பவுல். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரும் கூண்டில் ஏற்றியது ஒரே சாட்சியை: ஆபிரகாம். பவுல் யூத நியாயசாஸ்திரி கமாலியேலிடம் படித்தவர், அதனால் தேதியைப் பிடித்துக்கொண்டார். ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-ல். விருத்தசேதனம் வருவதோ 17-ல்தான். ஆக, விருத்தசேதனம் இல்லாதபோதே கணக்கு முடிந்துவிட்டது. நியாயப்பிரமாணம் அதற்கும் 430 ஆண்டு கழித்து வந்தது என்று கலாத்தியரில் வருஷத்தையும் சொல்கிறார். யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். மகனைப் பலியிடத் துணிந்த பிறகல்லவா அந்த விசுவாசம் நிறைவாயிற்று என்கிறார்.

பவுல் மறுப்பது வெளியே நிறுத்தும் விதிகளை. யாக்கோபு திட்டுவது, பட்டினி கிடப்பவரைப் பார்த்து நன்றாகச் சாப்பிடு என்று வாழ்த்திவிட்டு நடையைக் கட்டுகிறவரை. எதிராளி வேறு, அதனால் பேச்சும் வேறு. லூதர் மட்டும் பொறுமை இழந்து 1522-ல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதினார். லூதரன் சபையும் ரோமாபுரியும் இதில் அடிப்படை உடன்பாடு கண்டு கையெழுத்துப் போட 1999 அக்டோபர் 31 வரை ஆயிற்று.

கேள்வி (மேற்குத் தாம்பரம்): ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறிக்கடையில் ரத்தம் வாங்கிப் பொரியல் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். புதிய மருமகள் பாவம் என்கிறாள். நான் பாவியா?

பதில்: மருமகள் அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஐ ஒழுங்காகப் படித்திருக்கிறார். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய சங்கம், யூதரல்லாதவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று விட்டுவிட்டு நான்கை மட்டும் விலக்கச் சொன்னது: விக்கிரகங்களுக்குப் படைத்தது, வேசித்தனம், கழுத்து நெரித்துக் கொன்றது, ரத்தம். ஆதிச் சபை இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் குழந்தைகளைக் கொன்று ரத்தம் குடிப்பவர்களாமே என்று ஊரில் வதந்தி ஓடியபோது, 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பதில் எழுதினார்: ஆட்டு ரத்தத்தையே தொடாதவர்கள் நாங்கள், மனித ரத்தத்துக்கு எங்கே போவோம்? ஒருவர் கிறிஸ்தவரா என்று கண்டுபிடிக்க அதிகாரிகள் ரத்தம் அடைத்த குடலை நீட்டிப் பார்ப்பதையும் அவரே குறிப்பிடுகிறார்.

இருநூறு ஆண்டு போனது. அகுஸ்தீன் காலத்தில், ஆப்பிரிக்கக் கரையில், இதற்கெல்லாம் தயங்குகிறவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். யூதரும் பிறரும் ஒரே பந்தியில் உட்கார வசதியாகப் போட்ட விதி, அந்தப் பந்தியே இல்லாமல் போனபின் மேற்கில் தானாக உதிர்ந்துவிட்டது என்பது அவர் விளக்கத்தின் சாரம். கிழக்குச் சபைகள் விதியை விடவில்லை. ஆக அம்மா, வடை சட்டியில் உங்கள் பக்கம் அகுஸ்தீன் நிற்கிறார், மருமகள் பக்கம் அப்போஸ்தலர்கள். ஆனால் மருமகள் முகம் சுளிக்கும் பந்தியில் அதைப் பரிமாறாதீர்கள். பவுல் உங்கள் வீட்டில் இருந்தால் அதைத்தான் சொல்வார்.

கேள்வி (ராஜகீழ்ப்பாக்கம்): பக்கத்து வீட்டு மாமி கொலுவுக்குக் கூப்பிட்டுச் சுண்டல் தருகிறார். சாப்பிடலாமா?

பதில்: கொரிந்தியர் இதே கேள்வியைக் கேட்டார்கள், சுண்டலுக்குப் பதில் இறைச்சி. விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாடு உங்களைத் தேவனிடம் நெருங்கவும் வைக்காது, விலக்கவும் செய்யாது, வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்பது பவுலின் பதில். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள் என்றார். மாமி சொல்லாதவரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டியது சுண்டலுக்கு மட்டும்.

கேள்வி (பல்லாவரம், தனியார் நிறுவன ஊழியர்): தசமபாகம் மொத்தச் சம்பளத்தில் கொடுப்பதா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா?

பதில்: டிடிஎஸ் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது தானியத்திலும் மந்தையிலும். யூதரல்லாத சபைகளுக்குப் பவுல் பத்துக்கு ஒன்று என்று எங்கும் கணக்குப் போட்டதில்லை. அவரவர் மனதில் தீர்மானித்தபடி, முகம் கோணாமல் கொடுங்கள் என்பதோடு சரி. கொடுக்காவிட்டால் சபைநீக்கம் என்ற மிரட்டல் 585-ல் பிரான்சு தேசத்து மாக்கோன் சங்கத்தில் வந்தது. பவுலுக்கும் அதற்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக்கும் மேல்.

கேள்வி (வண்டலூர், கல்லூரி மாணவி): கிருபையால் எல்லாரும் ஒன்று என்கிறீர்கள். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் கூடச் சாதி பார்த்துத்தான் குழி. பவுல் வந்தால் என்ன செய்வார்?

பதில்: அந்தியோகியாவில் செய்ததைத்தான். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நானூறு வருஷக் கதை இருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த பாதிரியார் தெ நொபிலி பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு எல்லாம் சமூக வழக்கம், மதம் அல்ல என்றார். கூட இருந்த பாதிரிமார்களே ரோமாபுரிக்குப் புகார் எழுதினார்கள். 1623-ல் போப் 15-ஆம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். வந்தேறிய ஐரோப்பியப் பழக்கத்தை விசுவாசத்துக்கு நிபந்தனை ஆக்காதே என்ற வகையில் அது பவுலின் வாதமேதான். ஆனால் அதே கதவு வழியாக இன்னொன்றும் உள்ளே வந்தது: தனித்தனி பந்தி, தனித்தனி இருக்கை.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கொதிப்பு. மிஷனரிகள் சாதிப் பழக்கத்தில் கை வைக்கத் தொடங்கியபோதே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அவர்களை எதிர்த்துக் காரமாக எழுதியிருந்தார். எதிர்த்தவர்களின் வாதத்தைக் கேட்டால் ஒரு நிமிடம் திகைக்க வைக்கும். சாதி உலக விவகாரம், விசுவாசத்துக்கு வெளியே உள்ளது, வேதத்தில் இல்லாத புதுச் சட்டத்தை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்? கிருபைக்காகப் பேசும் வாயால் சுவருக்கும் காவல் நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்தை இரண்டு கால்களாகவே கட்டினார்கள். காற்சட்டைக் கோயில் என்று பெயர். ஒரு காலுக்கு ஒரு சாதி. நடுச்சுவர் இடிபட்டது 1910-ல், கூடவே கோர்ட்டு வழக்கும் வந்தது.

பேதுரு எழுந்து போன அந்தப் பந்தியை வைத்து அளந்தால் இதற்கு விடை சொல்ல இறையியல் பட்டம் தேவையில்லை. நொபிலியின் குடுமி யாரையும் வெளியே நிறுத்தாதவரை சமூக வழக்கம். நிறுத்திய நிமிடத்திலேயே அது விருத்தசேதனம். உங்கள் ஊர்க் கல்லறைச் சுவரும் அப்படித்தான்.

கேள்வி (இரும்புலியூர்): இங்கே நடக்கும் கன்வென்ஷனுக்கு வருகிறவர்கள் வெள்ளை உடுத்தி, நகையில்லாமல் வருகிறார்கள். இது நியாயப்பிரமாணம்தானே?

பதில்: நகை வேண்டாம் என்பதற்குப் பேதுருவும் தீமோத்தேயு நிருபமும் கையில் இருக்கின்றன. விரும்பி ஏற்ற எளிமையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூக்குத்தி போட்டவள் மீட்பில்லாதவள் என்று யாராவது சொன்னால் எழுதுங்கள், கலாத்தியரைத் தபாலில் அனுப்புகிறேன்.

கேள்வி (தாம்பரம் சானடோரியம்): கிருபைக்கும் தாம்பரத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, அல்லது இலவசமாக விளம்பரம் தருகிறீர்களா?

பதில்: உண்டு. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு இங்கேதான், முந்தைய ஆண்டு நகரத்தை விட்டுக் காட்டுக்குக் குடிவந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. சீனாவில் நடப்பதாக இருந்ததை ஜப்பான் போர் இங்கே தள்ளிவிட்டது. 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். மாநாட்டுக்கென்றே டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் தடிமனான புத்தகம் எழுதி வந்தார். மனிதன் கட்டும் எந்த மதமும் தேவனை எட்டாது, வெளிப்பாடு மேலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் கட்சி.

சென்னையில் ஒரு குழு பதில் புத்தகத்தோடு தயாராக இருந்தது. முன்னணியில் பி. செஞ்சையா, வி. சக்கரை. முதலாமவர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர், அடுத்தவர் வழக்கறிஞர், பின்னாளில் சென்னை மேயர். சபை என்ற ஐரோப்பிய அமைப்பையும் அதன் விதிகளையும் இந்தியன் தலையில் ஏற்றாமல் கிறிஸ்துவை மட்டும் தாருங்கள் என்பது அவர்கள் மனு. சட்டம் படித்த இரண்டு பேர் சட்டத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடினார்கள், தாம்பரம் அப்போது அப்படிப்பட்ட ஊர்.

கேள்வி (நங்கநல்லூர்): எங்கள் வைஷ்ணவத்திலும் இதே தகராறு இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடிக்க வேண்டும் என்பது வடகலை, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. ஜெர்மன் அறிஞர் ருடால்ப் ஓட்டோ இதைப் பார்த்து வியந்து கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு எழுதிய புத்தகம் ஆங்கிலத்தில் 1930-ல் வந்தது. லூதர் பூனைக் கட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் கோர்ட்டுப் படி ஏறியது குட்டிகள் அல்ல, கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற கேள்வி.

கேள்வி (பரங்கிமலை): மலைப்படிகளை முழங்காலில் ஏறினால் புண்ணியம் உண்டா?

பதில்: மேலே பீடத்தில் இருக்கும் கல் சிலுவையைச் சுற்றிப் பழைய பாரசீகத்துப் பகலவி எழுத்து ஓடுகிறது. 1547-ல் போர்த்துக்கீசியர் தோண்டியெடுத்தது. படித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தாலும், பின்னாளில் வின்க்வர்த் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டது ஒரு வேண்டுதலை. இதைச் செய்த இன்னாருக்கு இரங்கும் என்பது சாரம். எத்தனை படி ஏறினேன் என்ற கணக்கு அதில் இல்லை.

கேள்வி (பெருங்களத்தூர்): பிளஸ் டூ மகன் படிக்காமல் கிருபை என்று உட்கார்ந்திருக்கிறான்.

பதில்: பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர் என்று சொல்லுங்கள், தம்பி அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஐப் புரட்டட்டும். மனித முயற்சியை அதிகம் நம்பியதாகப் பெலாஜியுவை 418-ல் கார்த்தாகோ சங்கம் கண்டித்தது உண்மை. அதற்காகப் பாடப் புத்தகத்தைச் சங்கம் கண்டிக்கவில்லை.

கேள்வி (மாடம்பாக்கம்): உபவாச ஜெபத்துக்கு வெள்ளிக்கிழமை ஏன்? என் மாமியார் செவ்வாயில் இருக்கிறார்.

பதில்: டிடாக்கே என்று ஆதிச் சபையின் சின்னக் கையேடு ஒன்று உண்டு. மாயக்காரர்கள் திங்களும் வியாழனும் உபவாசம் இருக்கிறார்கள், அவர்களைப் போல இருக்காதீர்கள் என்று கடுமையாகச் சொல்கிறது. சரி, உபவாசமே வேண்டாம் என்கிறது போலும் என்று நினைத்தால், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்று முடிக்கிறது. செவ்வாயைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. மாமியார் விஷயம், நானும் திறக்கப் போவதில்லை.