டாக்பேக் மௌனம்: காரணமும் சிகிச்சையும்

பேசிக்கொண்டிருந்த ஃபோன் திடீரென வாய்மூடிக்கொள்வது பற்றி முன்னோர் எவரும் நூல் செய்திலர். அவர்கள் மேல் குற்றமில்லை. திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் டாக்பேக் ஆண்ட்ராய்டிலும், வாய்ஸ்ஓவர் ஐபோனிலும் வந்ததே 2009இல்தான். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி வாய் திறவாமலே உபதேசித்தார், முனிவர் நால்வருக்கும் எல்லாம் விளங்கிற்று என்பர். டாக்பேக் வாய் திறவாதபோது பார்வையற்றவருக்கு மணி என்ன என்பதுகூட விளங்காது.

முதலில் நாடி பார்த்தல். திரையில் விரல் ஓடும்போது சின்னச் சின்னதாய் அதிர்வு வந்தால் உயிர் இருக்கிறது, குரல்தான் இல்லை எனக் கொள்க.

குரல் போன காரணம் குறித்துக் கட்சிகள் பல. வால்யூம் கட்சியார் சத்தம் குறைந்துவிட்டது என்பர். 'பாட்டு நன்றாகக் கேட்கிறதே?' எனின், அற்றன்று. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு எட்டாம் பதிப்பு முதல் டாக்பேக்குக்கென்று வால்யூம் தனி. ஆகவே இளையராஜா முழங்க, டாக்பேக் ஊமையாய் இருத்தல் பொருந்தும். அது பேசும்போது பொத்தானை அழுத்தினால் சத்தம் ஏறும் என்பது விதி. பேசுகிறதா என்று எப்படித் தெரியும் என்பதற்கு விதியில் விடை இல்லை.

புளூடூத் கட்சியார் கூற்று நுட்பமானது: பேச்சு நிற்கவில்லை, இடம் மாறிவிட்டது. நீங்கள் இங்கே திரையைத் தடவிக்கொண்டிருக்க, கூடத்து ஸ்பீக்கர் உங்கள் பேங்க் பேலன்ஸை விருந்தாளிகளுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். இக்கட்சியே வலியுடைத்து.

ஆங்கிலத்தை வாசித்துவிட்டுத் தமிழ் வந்ததும் தாவிச் செல்வது அரை மௌனம். தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டால் தீரும்.

ஐபோனில் மூன்று விரலால் இருமுறை தட்டினால் பேச்சு நிற்கும்; மறுபடி தட்டினால் வரும். மும்முறை தட்டினாலோ, பிறர் எட்டிப் பார்க்காதிருக்கத் திரையே கறுத்துவிடும். பதற்றத்தில் எண்ணிக்கை தப்பியவர் குரலோடு வெளிச்சத்தையும் இழப்பர். இந்நிலையில் கடைக்குப் போனால் 'டிஸ்ப்ளே போச்சு சார்' என்று விலை சொல்வார்கள்.

இனிச் சிகிச்சை. 'கண் தெரிந்தவரைக் கூப்பிடு' என்பது உலக வழக்கு. இதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

"குடுங்க மாமா, ரெண்டே நிமிஷம்" என்று அக்கா மகன் வாங்குகிறான். டாக்பேக் ஓடும் ஃபோனில் ஒரு தட்டு தேர்வதற்கு, இரு தட்டு திறப்பதற்கு. பக்கம் நகர இரண்டு விரல் வேண்டும். இதறியாதவன் ஒற்றை விரலால் குத்துகிறான். ஒரு கட்டம் மட்டும் அங்குமிங்கும் தாவுகிறது, எதுவும் திறக்கவில்லை. கண் இரண்டும் நன்றாயிருந்தும் அவன் செட்டிங்ஸ் வாசலைத் தாண்டவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு மாமா. ரீசெட் போட்டுரலாமா?"

ரீசெட் என்னும் சொல் கேட்டவுடன் ஃபோனைப் பறித்துக்கொள்வதே இந்நூல் கூறும் தலையாய சிகிச்சை. ஃபோனில் மட்டும் சேமித்த காண்டாக்ட் அத்தனையும் போய்விடும். பின்பு வால்யூம் பொத்தான் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துக. அந்தக் குறுக்குவழி முன்பே அமைக்கப்பட்டிருந்தால் டாக்பேக் அணையும். இன்னொரு முறை அழுத்துக. பெரும்பாலும் பேசிவிடும்.

பேசியதும் அக்கா மகன் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, சரி பண்ணிட்டேன்!" என்பான். அவனுக்கு அங்கே காபி கிடைக்கும்.