மாஸ்டருக்குக் கீழே எத்தனை பேர்?

மாப்பிள்ளை டைடல் பார்க்கில் ஸ்க்ரம் மாஸ்டராம். அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்வார்கள்? (வாசகர், அடையாறு)

ஒருவர்கூட இல்லை. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் முன்வைத்த ஸ்க்ரம், மென்பொருளைச் சிறு குழுக்கள் சிறுசிறு தவணைகளில் உருவாக்கும் முறை. அதில் மாஸ்டர் எனப்படுபவர் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவரோ கட்டளையிடுபவரோ அல்லர், முறை பிறழாமல் காத்து, குழுவின் வழியில் நிற்கும் தடைகளை அகற்றுபவர். அடையாறில் 1936இல் தோன்றிய கலாக்ஷேத்ராவின் மேடையிலும், ஜதி சொல்லித் தாளமிடும் நட்டுவனார் ஆடுபவருக்குப் பதிலாகத் தாம் ஆடுவதில்லை அல்லவா?

அப்படியானால் குழுவுக்கு யார்தான் முதலாளி?

முதலாளி இல்லை, முன்னுரிமை சொல்லும் ஒருவர் உண்டு. எதை முதலில் செய்ய வேண்டும் என்ற பட்டியலை வரிசைப்படுத்தும் ப்ராடக்ட் ஓனர் என்னும் அப்பொறுப்பு ஒரே ஒருவருக்கு உரியது, எந்தக் கமிட்டிக்கும் உரியதன்று. ஆனால் ஒரு மாதத்தைத் தாண்டாத ஸ்பிரிண்ட் என்னும் தவணைக்குள் எவ்வளவு வேலை முடியும் என்பதை, அதைச் செய்து முடிக்க வேண்டிய டெவலப்பர்களே தீர்மானிக்கிறார்கள்.

தினசரிக் கூட்டத்தில் உட்காரவே கூடாதா?

தாராளமாக உட்காரலாம். 2020இல் திருத்தப்பட்ட ஸ்க்ரம் வழிகாட்டி 15 நிமிட வரம்பை விதிக்கிறதே தவிர, நிற்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அது டெவலப்பர்கள் அன்றைய வேலையைத் தமக்குள் திட்டமிடும் நேரம். மேலதிகாரியிடம் ஒப்பிக்கும் நேரமாக அது மாறும்போது, பொறுப்பு குழுவின் கையைவிட்டு நழுவிவிடுகிறது.