இமைமேல் தூள்: ஒரு பன்முகப் பார்வை

மனிதகுலத்திலிருந்து தொடங்காத ஆய்வேட்டுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பட்டம் கிடைப்பதில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். மனிதகுல வாழ்வில் கண் இன்றியமையாத இடத்தைப் பெறுகின்றது. கண்ணின்மேல் இமை அமைந்துள்ளது. இமையின்மேல், மினரல் ஐஷேடோ என்று சிறு டப்பாவில் விற்கப்படும் உதிரித் தூள் அமைந்திருத்தல் வேண்டும். ஆயின் அது கன்னத்தில் அமைந்துள்ளது. இம்முரணை ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கமாகும். தூள் விழும் என்பது கருதுகோள். விழுந்தது என்பது முடிவு. இடைப்பட்ட பக்கங்கள் நெறியாளர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டவை.

ஆய்வு எல்லை. அழுத்தி வில்லையாக்கிய ஐஷேடோ இதில் அடங்காது. ஒட்டவைக்கும் பொருள் சேர்ந்திருப்பதால் அது சொன்ன பேச்சைக் கேட்கும். சொன்ன பேச்சைக் கேட்பவற்றை எவரும் ஆராய்வதில்லை. க்ரீம் வகை அடங்காது. ஆண்கள் அடங்கார், நான்காம் இயலில் மட்டும் ஸ்விட்சைத் தொடுவதற்காக வந்து போவர். முதன்மை ஆதாரம் டப்பா. துணைமை ஆதாரம் டப்பாவின் மூடி. இத்துறையில் துணைமை ஆதாரத்துக்கே மதிப்பு அதிகம். விஷயம் தெரிந்தவள் டப்பாவுக்குள் பிரஷ்ஷை விடமாட்டாள். மூடியில் ஒரு சிட்டிகை தட்டிக்கொண்டு அதிலிருந்துதான் தொட்டு எடுப்பாள். மூலத்தைத் திறக்காமல் அடுத்தவர் சிந்தியதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழாய்வில் நெடுங்காலமாக உண்டு. அது சரியான முறையாக இருப்பது ஒப்பனையில் மட்டுமே.

இயல் ஒன்று: பொருள். தூளின் பெரும்பகுதி மைக்கா. ஆற்று மணலில் மினுங்குவதைப் பார்த்துக் காக்காப்பொன் என்று பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோமே, அதேதான். மெல்லிய தகடு தகடாக உரியும் கனிமம். அத்தகட்டின்மேல் டைட்டேனியம் டை ஆக்சைடைப் பூசினால், பூச்சின் கனம் கூடக்கூட வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மினுக்கம் மாறும். சாயம் எதுவும் இல்லை. ஒளி பட்டுத் திரும்பும் கணக்கு மட்டுமே. மண்ணிறங்களுக்கு இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. நீலத்துக்கு அல்ட்ராமரைன்; வெள்ளை வேட்டிக்கு நம் வீடுகளில் போட்ட நீலப் பொடியின் உறவுக்காரர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த நீலத்தைக் கண்ணருகே அனுமதிக்கிறது, உதட்டுக்கு அனுமதிப்பதில்லை. இதன் மெய்யியல் பின்னணி தனி ஆய்வுக்குரியது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதீ பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் குழந்தைகள் இறங்கி மைக்கா பொறுக்குகிறார்கள் என்பது பலகாலமாக வெளிவந்துகொண்டிருக்கும் செய்தி. இதற்கு ஒரு வரி போதும், தலைப்பை விட்டு விலகுகிறது என்றார் நெறியாளர். அந்த வரியை இரண்டாக்கியதே இவ்வாய்வாளர் செய்த ஒரே துணிச்சல்.

இயல் இரண்டு: வரலாறு. எகிப்தில் ஹைராகொன்போலிஸ் என்னுமிடத்தில் 1897-98 பருவத்தில் க்விபெல், க்ரீன் ஆகியோர் தோண்டியெடுத்த நர்மர் பலகையை அறியாத வரலாற்று மாணவர் இல்லை. வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு. உயரம் 64 செ.மீ. ஒரு முகத்தில் மன்னன் பகைவனின் தலைமயிரைப் பற்றிக் கதாயுதத்தை ஓங்குகிறான். மறுமுகத்தில் இரண்டு விலங்குகள் நீண்ட கழுத்துகளைப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. அக்கழுத்துகளுக்கு நடுவே வட்டமாக ஒரு குழி. இத்தகைய பலகைகளில் குழி கண்மை அரைப்பதற்கானது. பச்சைக்கு மலாக்கைட், கறுப்புக்குக் காரீயக் கனிமமான கலீனா. ஆக, உலகப் புகழ்பெற்ற அந்த அரசு ஆவணம் வடிவத்தில் ஓர் ஐஷேடோ பேலட். கைப்பையில் நுழையாது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

மன்னன் இரு எகிப்துகளையும் ஒன்றாக்கியதைத்தான் அது காட்டுகிறதா, அல்லது வெறும் சடங்குச் சித்திரமா என்று குழியைச் சுற்றி நூற்றாண்டுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். குழிக்குள் எட்டிப்பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. நாமும் குறைந்தவர்கள் அல்லர். நம் அகழாய்வுக் குழிகளில் செம்பு அஞ்சனக்கோல் கிடைத்தால், அதைப் பிடித்த கை இடக்கையா வலக்கையா, இமைக்கு உள்ளே இழுத்தாளா வெளியேயா என்று எவரும் வாய்திறக்குமுன் அது எந்த நூற்றாண்டு என்ற சண்டை தொடங்கிவிடும். அந்தச் சண்டை முடிவதற்குள் கோலுக்கு இன்னொரு நூற்றாண்டு கூடிவிடும்.

இயல் மூன்று: கோட்பாடுகள். இத்துறையின் ஒரே நூற்பா வருமாறு:

தட்டுக, உதறுக, ஒற்றுக, இழுக்கற்க.

இதற்கு உரை. மூடியில் தட்டிய தூளைப் பிரஷ்ஷில் தொட்டு, பிடியை மூடியின் விளிம்பில் தட்டி மிகுதியை உதறி, தட்டையான பிரஷ்ஷால் இமையில் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் தகடுகள் கிளம்பிப் பறக்கும், ஒற்றினால் படுத்துக்கொள்ளும். படுத்த தகடுதான் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி மினுங்கும். முதல் உரைகாரர் இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் துறை பிழைத்திருக்கும். 'உதறுக' என்பது பிரஷ்ஷையே குறிக்கும் என்றார் அவர். 'அன்று, முன்பே உதிர்ந்த தூளைத் தாவணியிலிருந்து உதறுதலைக் குறிக்கும்' என்றார் இரண்டாம் உரைகாரர். 'இருவரும் தாவணி அணிந்து பார்த்தவரல்லர்' என்பது மூன்றாம் உரை. இது பெண்பாற் பெயரில் வந்ததால் இடைச்செருகல் என்று ஒதுக்கப்பட்டது.

கலிபோர்னியாவில் 1976இல் தொடங்கிய பேர் எசென்ஷுவல்ஸ் நிறுவனம் 'சுழற்று, தட்டு, தேய்' என்று ஒரு முப்பத உபதேசத்தைப் பரப்பியது. அது முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன் தூளுக்கானது. அதை இமைக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது. பொருந்தாது என்பதாலேயே பல கட்டுரைகள் அதை ஏற்றிச் சொல்கின்றன.

விரலால் இடுதல்: மோதிர விரல். அவ்வளவே.

நனைத்து இடுதல்: பிரஷ்ஷை ஈரப்படுத்தி, மூடியில் உள்ள தூளைக் குழைத்து இட்டால், ஈரம் தகடுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் படியவைப்பதால் உலோகத் தகடுபோலப் பளபளக்கும். ஈரப் பிரஷ்ஷை டப்பாவுக்குள்ளேயே விட்டவளுக்குத் தூள் கட்டியாகும், கிருமியும் குடியேறும். உலர்ந்த தூளில் கிருமிக்கு வாழ்க்கை இல்லை. தண்ணீர் கிடைத்தால் பட்டா கேட்கும்.

பிரைமர் வாதம்: இமையில் முதலில் பிரைமரையோ பசையுள்ள அடிப்பூச்சையோ மெல்லத் தடவி, அது காயுமுன் தூளை ஒற்றுவது. எண்ணெய் வழியும் இமைக்கு இதைவிட்டால் கதியில்லை. எங்கள் கடலோரப் புழுக்கத்தில் பிரைமர் இல்லாத ஐஷேடோ தாலி கட்டும்வரை நிற்காது. மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். பார்லர் அக்காக்கள் இதைக் கோட்பாடு என்று சொல்வதில்லை. 'பேஸ் போடாம வெச்சா ஒட்டாதும்மா' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடச் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் நாற்பது பக்க இயல் ஒன்று வீணானதை இவ்வாய்வாளர் நேரில் கண்டார்.

இயல் நான்கு: ஃபேன். இதுவரை சொன்னவை எல்லாம் காற்றில்லாத உலகுக்கானவை. ஒப்பனைக் கையேடுகள் எழுதப்படும் நாடுகளில் கூரையில் ஃபேன் சுற்றுவதாக அவை கருதுவதே இல்லை. நம் நிலைமை வேறு. ஃபேன் ஓடினால் தூள் பறக்கும். ஃபேன் நின்றால் வியர்க்கும். வியர்த்தால் இட்ட தூள் மடிப்பில் சேரும். இதை 'ஃபேன் முரண்' எனப் பெயரிடுகிறேன். பெயரிட்டதும் பாதி ஆய்வு முடிந்துவிட்டதாக மனத்துக்குத் தோன்றுவது ஆய்வாளர்களின் பொதுக்குணம்.

முரணைத் தீர்க்க நான்கு பள்ளிகள் எழுந்தன. நிறுத்துவோர் ஃபேனை நிறுத்திவிட்டு மூச்சையும் நிறுத்துவர். குறைப்போர் ரெகுலேட்டரை ஒன்றில் வைப்பர். ஒன்றில் வைத்தால் ஓடாமலும் ஐந்திலிருந்து குறைத்தால் குறையாமலும் இருப்பதே ரெகுலேட்டரின் இலக்கணம் என்பதை இவர்கள் அறியார். திரும்புவோர் சுவர்மூலைக்கு முகத்தைக் கொடுத்து நிற்பர். மூலையில் வெளிச்சமிராது, ஆதலால் ஒரு கண் மற்றக் கண்ணின் சாயலை அடையாது. மையவாதிகள் ஃபேனுக்கு நேர் கீழே அமர்ந்தால் காற்று படாது என்பர். அவர்களுடைய கன்னம் இதை ஏற்கவில்லை.

ஏ.சி. வைத்திருப்போர் தம்மை இம்முரணுக்கு அப்பாற்பட்டவர்களாகக் கருதுகின்றனர். அவர்களோடு நமக்கு விவாதமில்லை, பொறாமை மட்டுமே.

மின்தடைக் காலம் தனி ஆய்வுக்குரியது. காற்று அறவே நிற்கும் அக்காலத்தைப் பொற்காலம் என்பாரும் உளர். கண்ணாடி தெரியாத காரணத்தால் இருண்ட காலம் என்பாரும் உளர். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று அவசரப்பட்டு அழைத்தது நம் வரலாற்றுத் துறை. ஆதாரம் கிடைக்காததற்கும் விளக்கு எரியாததற்கும் வேறுபாடு காணாமல் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டுப் பழகியது. நான் இங்கே நிதானமாக மங்கல் காலம் என்றே குறிக்கிறேன்.

ஃபேனை நிறுத்துவது தொழில்நுட்பப் பிரச்சினையன்று, குடும்பப் பிரச்சினை என்பது களஆய்வில் தெளிவாயிற்று. கூடத்தில் ஃபேன் நின்ற நொடியில் எழும் வினா இது: 'ஃபேனை யாரு நிறுத்தினது?' (பெரியம்மா, வாய்மொழி, கூடம்). பதில் வராவிடின்: 'உங்களத்தான் கேக்கறேன், ஃபேனை யாரு நிறுத்தினது?' (மேலது, இன்னும் உரக்க). தூள் இடுபவள் வாய்திறந்து பதில் சொன்னால் மூச்சு பட்டு மூடியிலுள்ளது பறக்கும்; சொல்லாவிடின் ஃபேன் ஓடத் தொடங்கும். இரண்டிலும் விளைவு ஒன்றே. இதற்கு மறுப்பாக எழுந்தது: 'கல்யாணத்துக்குப் போறவங்களுக்கு மட்டுந்தான் வேர்க்குதா? அடுப்படியில நிக்கறவளுக்கு வேர்க்காதா?' (சின்ன அத்தை, 'வியர்வையும் உரிமையும்', சமையலறை வாசல் உரைத்தொடர், தாளிப்புச் சத்தத்தால் சிதைந்த பிரதி, விடுபட்ட பகுதிகளைக் கொழுந்தியாள் நினைவிலிருந்து நிரப்பினார், முதற்பதிப்பில் இருந்த வசைச்சொற்கள் திருத்திய பதிப்பில் நீக்கப்பட்டு, அருஞ்சொற்பொருள் பகுதியில் விளக்கத்துடன் சேர்க்கப்பட்டுள்ளன, அணிந்துரை பாட்டி, அணிந்துரைக்கு மறுப்பு, அதே பாட்டி, காது மெஷினைப் போட்டுக்கொண்ட பின்).

கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒன்றுவிட்ட மாமா அப்போது கூடத்தில் அமர்ந்திருந்தார். ஆகவே இவ்விவாதம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகும். நம் கருத்தரங்குகள் பன்னாட்டுத் தகுதியைப் பெறும் முறையில் இதில் எந்த மாறுதலும் செய்யப்படவில்லை.

கல்யாண மண்டபம் இம்முரணின் உச்சம். மணமகள் அறையின் ஸ்விட்ச் பலகையில் எது எதற்கு என்பது கட்டிய மேஸ்திரிக்கும் தெரியாது. ஒரு கண் முடிந்து மறுகண்ணுக்குத் தூள் தட்டிய கணத்தில், 'வெளிச்சம் பத்தலையே' என்று பரிவோடு உள்ளே வரும் சித்தப்பா வரிசையாக எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். விளக்கு எரியாது. மூடியிலிருந்த பொன்னிறம் முழுவதும் பட்டுப்புடவை மடிப்புகளில் இறங்கும். அவர் போகும்போது எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டும் போவதில்லை. இதனைச் 'சித்தப்பா விளைவு' என்கிறேன். துறை இதற்கு இன்னும் மாற்றுமுறை காணவில்லை. கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து எவரும் திறக்க முடியாதபடி போடுதல் மட்டுமே களத்தில் பலித்திருக்கிறது.

இயல் ஐந்து: தூள் இடுகையில் வாய் தானாகத் திறத்தல். திறக்கும். இயல் முற்றிற்று.

இயல் ஆறு: விழுந்ததை மீட்டல். விழுந்த தூளை விரலால் துடைத்தவள் அதைக் கன்னத்துக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்கிறாள். தடித்துப் புசுபுசுவென்ற பிரஷ்ஷால் மேலாக விசிறித் தள்ள வேண்டும். அல்லது செலோடேப்பை முதலில் புறங்கையில் ஒட்டிப் பிசுபிசுப்பைக் குறைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். முன்னெச்சரிக்கை உடையவள் கண்ணுக்குக் கீழே லூஸ் பவுடரைத் தாராளமாக வைத்துவிட்டே தொடங்குவாள். மேலிருந்து விழுவது அதன்மேல் விழும். முடிந்ததும் இரண்டையும் சேர்த்துத் தட்டிவிடலாம். இவர்களையெல்லாம் விட அனுபவம் மிக்கவள் கண்ணை முதலில் முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஃபவுண்டேஷனைத் தொடுவாள். இந்த வரிசை மாற்றம் ஒன்றே மேற்கண்ட ஐந்து இயல்களின் தேவையைப் பெரும்பாலும் இல்லாமலாக்குகிறது. ஆய்வேட்டின் பக்க எண்ணிக்கை கருதி இது இறுதி இயலில் வைக்கப்பட்டது.

மேலாய்வுக்குரிய களங்கள்: மூக்குத்தியில் படிந்த பொன்னிறத் தூளை அடகுக்கடைக்காரர் எடையில் சேர்த்தாரா என்பது, தூளிட்ட பெண்ணின் கண்ணைப் பார்த்துப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் 'என்னம்மா, தூக்கம் இல்லையா?' என்று கேட்டதன் சமூகவியல், 'ஃபேன் முரண்' என்னும் கலைச்சொல்லை இவ்வாய்வாளருக்கு முன்பே தாம் உருவாக்கியதாக ஒருவரிடமிருந்து இக்கட்டுரை அச்சேறுமுன் வந்துவிட்ட கடிதம். இவற்றுள் மூன்றாவதைப் பற்றி நெறியாளரே ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறார். கருத்தரங்கக் கட்டணம் செலுத்தியோருக்கு அதில் ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு, சான்றிதழ் தனி.