எமிஸ்ல ஏத்தியாச்சா மக்கா?

எடே மக்கா, இப்படி வந்து இரி. அந்தப் போனைச் செத்த நேரம் கவுத்தி வையி. உம் பயலைப் பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேருந்து அது ஓயாம கத்திக்கிட்டே கெடக்கு. அப்படி என்னதாண்டே வருது அதுல? திட்டம் தொடங்கியாச்சுங்கான். பயிற்சி முடிஞ்சுதுங்கான். விவரம் ஏத்த இன்னைக்குத்தான் கடைசி நாளுங்கான். எல்லாம் கொள்ளாம். பய தெத்தில்லாம வாசிக்கானான்னு ஒரு சேதி வந்துதா? வரல்லேல்லா? கேட்டா பல்லைக் காட்டுக.

ஒரு திட்டத்துப் பேரு வாயில நிக்குமுன்ன அடுத்தது வந்து வாசல்ல நிக்கு. கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துதுல்லா, அப்ப 2021-ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. சாயங்காலம் தெருவுல ஒரு பொம்பளப்பிள்ள இருந்து சின்னதுகளுக்குச் சொல்லிக் குடுத்தா. நல்ல காரியம், நொட்டை சொல்லமாட்டேன். 2022-ல 'நான் முதல்வன்', 'எண்ணும் எழுத்தும்', 'வானவில் மன்றம்', வருசக் கடைசியில 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'. மறுவருசம் 'மணற்கேணி'. பிறகு 'திறன்'. பேரு வைக்கதுக்குன்னே ஒருத்தனைச் சம்பளத்துக்கு வச்சிருப்பா போல. அவனுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமையும் கிடையாது.

இந்த 'எண்ணும் எழுத்தும்' என்னவாக்கும்னு கேட்டேன். எட்டு வயசுக்குள்ள இருக்க பிள்ளையளுக்கு 2025-க்குள்ள எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கூட்டிக் கழிக்கவும் வரணும்னு இருந்துதாம். அதுக்கு ஒரு திட்டம், அதுக்குப் பயிற்சி, அதுக்குச் செயலி. நான் கேக்கேன், பள்ளிக்கூடம்னு ஒண்ணைக் கெட்டி வச்சதே அதுக்குத்தாம்லா? வீட்டுல சோறு வடிக்க 'அரிசியும் அடுப்பும்'னு திட்டம் போட்டு, திறப்பு விழா வச்சு, பிறகா உலையேத்துவா?

பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் பணம் குடுக்கது நம்ம பக்கத்துக்குப் புதுசுன்னு நினைச்சுக்கிடாதே. 1817-லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கட்டளை போட்டா, படிப்புச் செலவை அரசாங்கமே ஏத்துக்கிடும்னு. அப்ப அவளுக்கு வயசு 15. இப்ப உள்ள 15 வயசுக்கு நீ ரீசார்ஜ் பண்ணிக் குடுத்துட்டு இருக்கே. ஆனா அந்தக் கதவு எல்லாப் பிள்ளைக்கும் திறக்கல்ல, அதையும் மறைக்கப்படாது. தாழ்த்தி வச்ச சாதிப் பிள்ளையள் அந்தப் படிப்புரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதுக்கும் முன்னயே மயிலாடியில மிஷனரி ரிங்கல்தௌபே சாமி வந்து பள்ளிக்கூடம் தொடங்கி அந்தப் பிள்ளையளை உக்கார வச்சிருந்தாரு. அரண்மனை ஒரு பக்கம், மிஷன் ஒரு பக்கம், ஊர்க்காரன் பிரிச்ச வரி ஒரு பக்கம். இத்தனையும் சேந்துதான் 2011 சென்சஸ்ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் நூத்துக்கு 91.75 பேரு எழுத்தறிஞ்சவன்னு தமிழ்நாட்டுலயே முதல்ல நின்னது. அதுல பெரும்பாலானவன் படிச்ச காலத்துல எமிஸும் கிடையாது, கிமிஸும் கிடையாது.

எமிஸ்னதும் ஓர்மை வருது, பள்ளிக்கூடத்து விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துக கணக்கு அது. நம்ம தெருக்கோடி டீச்சரைப் பாத்திருக்கியா? காலையில மணி அடிச்சதும் சாக்பீஸுக்கு முன்ன போனை எடுக்கணும். யாரு வந்தா, யாரு வரல்லேன்னு ஏத்தணும். வகுப்புக்குள்ள டவர் கிடைக்காது. வராந்தாவுக்கு வருவா. அங்கயும் கிடைக்காம வேப்பமூட்டுல போய்க் கையைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பா. திரையில ஒரு வட்டம் சுத்தும். அது சுத்தி முடியதுவரைக்கும் உள்ள முப்பது பிள்ளையளும் சுத்தும்.

அதோட விட்டுதா? உயரம் ஏத்து. எடை ஏத்து. ஆதார் ஏத்து. அப்பன் என்ன தொழில், ஆத்தா என்ன தொழில். ரத்தம் என்ன வகை? போன வருசந்தானே கேட்டேன்னா, திரும்பவும் சரிபாக்கச் சொல்லியிருக்காங்கா. ரத்தம் வருசத்துக்கு வருசம் மாறுமாடே? இந்த எமிஸ் சென்னைக்கு. யூடைஸ்னு இன்னொண்ணு உண்டு, அது டெல்லிக்கு. ஒரே பயலை ரெண்டு ஊருக்கு எழுதி அனுப்பணும்.

வாத்தியாமாரு சங்கத்துக்காரங்க, இந்த எமிஸ் வேலையிலேருந்து எங்களை விட்டிருங்கன்னு கொடி பிடிச்சா. சம்பளம் கூட்டச் சொல்லிக் கொடி பிடிக்கதை எம் பிராயத்துல நிறையக் கண்டாச்சு. எங்களைப் பாடம் நடத்த விடுங்கன்னு கொடி பிடிக்கதை இந்த வயசுலதான் பாக்கேன்.

ஒரு நியாயமும் சொல்லணும். முந்தியெல்லாம் இல்லாத பிள்ளைக்குப் பேரெழுதி, அந்தப் பேருல அரிசி வாங்குன ஊரும் உண்டு. கணக்கு ஒழுங்கா வந்தா அது நிக்கும். இடம் மாறிப் போற பிள்ளையைத் தொலைக்காம பிடிச்சும் வைக்கலாம். கணக்கு வேண்டாம்னு எவன் சொன்னான்? கணக்கெழுதக் கணக்கப்பிள்ளைய வையின்னுதான் சொல்லுகேன். கொஞ்சம் பள்ளியில ஆள் போட்டிருக்கா, இல்லேங்கல்ல. மத்த இடத்துல எல்லாம் டீச்சர்தான் கணக்கப்பிள்ளை. எங்க காலத்துல வராத பய வீட்டுக்கு மத்தியானமே சார் ஆளனுப்பிருவாரு, காய்ச்சலா, இல்ல களத்துல வேலையான்னு. இப்ப அவன் வரல்லேங்கது பத்து மணிக்கே சென்னைக்குத் தெரியும். ஏன் வரல்லேங்கது அடுத்த தெருவுக்குத் தெரியாது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். ஹைடெக் லேப்னு 6,029 பள்ளியில வச்சாச்சு. தொடக்கப் பள்ளியில 22,931 ஸ்மார்ட் வகுப்பறை. வாத்தியாமாருக்கு 79,723 கைக்கணினி. அறிவிப்பைக் கேக்கும்போது எனக்கே திரும்ப ஒண்ணாங்கிளாஸ் சேந்திருவோமான்னு ஒரு ஆசை வந்துது. அப்பதான் கேட்டேன், இதையெல்லாம் பிள்ளையளுக்கு யாருடே சொல்லிக் குடுக்கா?

இந்தக் கதையைக் கேளு. 2012-ல 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்னு எடுத்தா. படம் வரைய, விளையாட்டுச் சொல்லிக் குடுக்க, தையல் சொல்லிக் குடுக்க, அதோட உன் கம்ப்யூட்டருக்கும் சேத்துத்தான். வாரத்துல மூணு அரைநாள் வேலை. மாசம் 5,000 ரூபா. கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி 2024-ல 12,500 ஆக்கினா. பன்னிரண்டு வருசத்துல! அதுலயும் மே மாசம் பள்ளிக்கூடம் லீவுல்லா, அதனால சம்பளமும் லீவா இருந்துது. மே மாசத்துல வயிறு லீவு விடுமா? நிரந்தரமாக்கச் சொல்லி அவ்வோ சென்னையில போய் உக்காருவா. போலீஸ்காரன் வண்டியில ஏத்திக் கொண்டு மண்டபத்துல வைப்பான். சாயங்காலம் விடுவான். அடுத்த வருசமும் இதே பாடு. பெட்டி குளிர்ச்சியா இருக்க ஏசி உண்டு. அந்தப் பெட்டியைத் தொட்டுக் காட்டுகவனுக்கு அரைநாள் கூலி.

ஏன் இப்படின்னு யோசிச்சுப் பாத்தியா? திரைக்கு ரிப்பன் கெட்டலாம். லேப்புக்குக் கல்வெட்டு வைக்கலாம். மந்திரி வந்து கத்திரிக்கோலைப் பிடிச்சா அந்தப் படத்துல மாவட்டத்துக்காரனெல்லாம் நிக்கலாம். ஒரு வாத்தியாரை நிரந்தரமாக்கினா எங்க கொண்டு ரிப்பன் கெட்ட? 1987-ல டெல்லியில 'கரும்பலகைத் திட்டம்'னு ஒண்ணு போட்டா. பேருதான் பலகை. உள்ள பாத்தா ஒரு பள்ளிக்குக் கொறஞ்சது ரெண்டு அறை, ரெண்டு வாத்தியாருன்னு இருந்துது. அன்னைக்கு அதை எழுதினவனுக்குப் பலகை தானாப் பேசாதுன்னு தெரிஞ்சிருக்கு. இப்பத்தப் பலகை தானாப் பேசுது, அதுதான் வினை. நம்ம ஊர்ல இடி ஒண்ணு முழங்குனாப் போதும், வயரைப் பிடுங்கிப் போட்டிருவா. 2017-ல ஒக்கி அடிச்சப்ப மரமும் கம்பமும் சாஞ்சு நாள்கணக்குல இருட்டுல கெடந்தோம்லா. அந்த இருட்டுலயும் கரும்பலகைக்குச் சார்ஜ் போட வேண்டிய பாடில்ல.

இனி துட்டு விசயம். இதைக் கேட்டா சிரிப்பா, அழுகையான்னு நீயே சொல்லு. சமக்ர சிக்ஷான்னு பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு கணக்கு. நூறு ரூபா செலவுன்னா அறுபது டெல்லி, நாப்பது நம்ம மாநிலம். 2024-25-க்கு டெல்லி தரவேண்டிய பங்கு 2,151 கோடி சொச்சம். பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு, பிறகு பாக்கலாம்னுட்டா. அது 2022-ல அறிவிச்ச வேற திட்டம், நாடு முழுக்க 14,500 பள்ளியை மாதிரிப் பள்ளியாக்கப் போறோம்னு. கையெழுத்துப் போட்டா 2020 தேசியக் கல்விக் கொள்கை முழுசும் கூடவே ஏறி வரும். மும்மொழியும் அதுக்குள்ள உண்டு. 1968-லேருந்து ரெண்டு மொழிதான்னு இருக்க சென்னை, மாட்டேன்னுட்டு. துட்டு அங்கேயே நின்னுட்டு. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சொல்லுவா. இங்க சாமியே பேனாவை நீட்டிட்டுல்லா இருக்கு!

2025 மே மாசம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அசலும் ஆறு வட்டியும் சேத்து 2,291 கோடி வேணும்னு. அரசாங்கம் அரசாங்கத்துக்கிட்ட வட்டி கேக்கு, பாத்தியா? உன் பாட்டன் கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து தலைமறைவானது எவ்வளவோ மேல். ரெண்டு பேரும் சண்டை போடுகது யாரு துட்டுக்கு? நீ குடிச்ச சாயாவுக்கும் உம் பொண்டாட்டி வாங்குன சோப்புக்கும் குடுத்த வரிதாண்டே அது.

சென்னைக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. டெல்லி துட்டுத் தரல்லேன்னு ஒரு மேடையில கண்ணைக் கசக்கினான். 2025-26-ல பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினேன்னு அடுத்த மேடையில மார்தட்டினான். ரெண்டும் உண்மைதான். மேடைதான் வேற. களியக்காவிளைக்கு அங்கிட்டுக் கதை இன்னும் ரசம். 2025 அக்டோபர்ல கேரளாக்காரன் சத்தங்காட்டாம அதே ஒப்பந்தத்துல கையெழுத்தைப் போட்டுட்டான். கூட்டணியில கெடக்க சி.பி.ஐ.க்காரன் குதிச்ச குதியில, அந்த மாசம் முடியுமுன்ன நிறுத்தி வைக்கோம்னு சொல்லிட்டான். இங்கிட்டு மூணாவது மொழிக்கு இத்தனை பெகளமா? நம்ம விளவங்கோட்டுக்காரனுக்குச் சாயக்கடை பெஞ்சுலயே மலையாளம் வந்திரும். அதுக்கு எவன் ஒப்பந்தம் போட்டான்?

கெழவன் எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுகாருன்னு நீ முணுமுணுக்கது கேக்கு. ஒண்ணைச் சொல்லுகேன். காமராசர் மத்தியானச் சோறு போட ஆரம்பிச்சது 1956-ல. அதே வருசம் நவம்பர் 1-ஆம் தேதி நாம திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இங்கிட்டுச் சேந்தோம். நல்ல நேரம் பாத்துத்தான் சேந்திருக்கோம்னு எங்க அம்மை சொல்லுவா. இப்ப 2022 செப்டம்பர் 15-ல மதுரையில காலைச் சோறும் தொடங்கினா. மறுவருசம் அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் வந்துட்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல். இதைத்தான் நான் திட்டம்னு சொல்லுவேன். பசிச்சு வந்த பிள்ளைக்கு எந்தத் திரையும் தெரியாது. இதுக்கும் ஒரு செயலி உண்டாம், அடுப்புலேருந்து எறக்குன நேரத்தை ஏத்த. ஏத்திக்கிடட்டு. பிள்ளை தின்னுட்டுதான்னு பாக்க அது வேண்டாம். வாயோரத்துல ரவை ஒட்டியிருக்கான்னு பாத்தாப் போதும்.

இத்தனையும் கேட்டுட்டு, சரியாச் சொன்னீரு பாட்டான்னு எந்திரிச்சுப் போயிராதே. உனக்கும் ரெண்டு உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும்னு எழுதியிருக்கு. நாலுல மூணு பங்கு பெத்தவங்க. பாதி பொம்பளையோ. 2024 ஆகஸ்ட்ல நம்ம மாநிலத்துல அதுக்குப் புதுசா ஆள் எடுத்தா. நீ போனியா? போகல்ல. கல்யாண வீட்டுல ரசவடை தின்னுட்டு, டெல்லி சரியில்ல, சென்னை சரியில்லேன்னு பேசிட்டு இருந்தே.

அடுத்த கூட்டத்துக்குப் போ. பொம்பளையோ கூட்டம்னு நெளியாதே, சட்டமே உனக்கு அங்க ஒரு பெஞ்சு போட்டிருக்கு. கம்ப்யூட்டர் எத்தனைன்னு கேக்காதே, அதை அவ்வோ கேக்காமலே சொல்லுவா. வாத்தியார் இடம் எத்தனை காலி, எத்தனை வருசமாக் காலின்னு கேளு. கக்கூஸ்ல தண்ணி வருதான்னும் கேக்காதே, போய்ப் பைப்பைத் திறந்து பாரு. எமிஸ் ஏத்த எத்தனை மணிநேரம் போவுதுன்னு டீச்சரைக் கேட்டு, அதைத் தீர்மானமா எழுதிக் கையெழுத்துப் போடு. கூட்டம் என்னைக்குன்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில பயலை விடப் போகும்போது ஹெச்.எம்.கிட்ட கேட்டுட்டு வா.