அணுக்காடும் எங்கட பாலமும்

ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு ஃபங்க்-ரொக் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பாலம் ஒன்றுதான். ரயில் வந்தால் பஸ் நிற்கும். இக்கரை பஸ் ஏறினால் அக்கரை லொறி ஹோர்ன் அடிக்கும். ரொக் கிட்டார் ரயில், ஃபங்க் பேஸ் பஸ். இரண்டையும் ஒன்றாக ஏற்றி, ஆளுக்குச் சேதமில்லாமல் இறக்க வேணும்.

எழுபதுகளில் அந்த விபரீதத்துக்குத் துணிந்தது பம்பாய்க் கோஷ்டி ஒன்று. பெயர் 'அட்டோமிக் ஃபொரஸ்ட்'. அணுக்காடு! பாட்டுக் கோஷ்டியா, ஆமி மறித்த காணியா என்று கேட்கத் தோன்றும். தலைவர் கீத் காங்கா. பாடகர் மதுக்கர் சந்திரதாஸ், அலிக் பதம்ஸி மேடையேற்றிய 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தில் இயேசு. அதில் யூதாஸாக வந்த நந்து பெண்டேயும் இந்தக் கோஷ்டியில் பாடியவர்தான். இயேசுவும் யூதாஸும் புழங்கிய இடம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்தப் பிள்ளைகளைக் கெடுத்ததில் நமக்கும் பங்குண்டு. அகில இந்திய வானொலி சாஸ்திரிய சங்கீதத்தைக் கசாயம்போல் புகட்டிய காலத்தில், இங்கிலீஷ் பாட்டை அங்கே அனுப்பிவைத்தது எங்கட ரேடியோ சிலோன்.

கோஷ்டி வாசித்த இடங்களில் ஆட வந்தவர்கள் கேட்டது வெளிநாட்டு ஹிட்டுகளைத்தான். கலியாண வீட்டுப் பண்டாரி புதுக்கறி பரிசோதித்தால் நாம் மட்டும் சும்மா விடுவோமா? ஆகவே அவர்கள் போட்ட இசைத்தட்டிலும் பெரும்பாலும் பிறர் பாட்டுகள், ரொக் கிட்டார்காரர் ஹென்ட்ரிக்ஸின் பாட்டு உட்பட.

அந்த இசைத்தட்டின் கதைதான் கதை. பெயர் 'ஒப்செஷன் 77'. பொலிடோர் அதைக் கடைக்கு அனுப்பியது 1981இல். கோஷ்டி அதற்கு முன்பே கலைந்தாயிற்று. வலீமாவுக்கு அழைப்பு வரும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் தலாக் முடித்து அவரவர் உம்மா வீட்டில்! போதாக்குறைக்கு அதே வருடம் நாஸியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' வந்து இறங்கியது. பாகிஸ்தானில் பிறந்து லண்டனில் வளர்ந்த சின்னப் பிள்ளை; ஊரெல்லாம் அவள் பின்னால். அணுக்காட்டை யார் திரும்பிப் பார்ப்பது?

முப்பது வருடம் கழித்து, 2011இல், லொஸ் ஏஞ்சலிஸ் கம்பனி ஒன்று அதைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டது. இப்போது முதல் பதிப்பை வைத்திருப்பவர் வாயில் விலை கேட்டால், றோட்டோரக் காணி கேட்டதுபோல் இருக்கும்.

எங்கட பாலத்துக்குப் பக்கத்திலும் புதுப் பாலம் வந்துவிட்டது. பஸ் தனி, ரயில் தனி. யாரும் யாருக்கும் நிற்பதில்லை. நின்ற பஸ்ஸில் கச்சான் விற்றவருக்குத்தான் யாவாரம் போச்சு.