காத்துக்கும் காசு உண்டு, பேராண்டி

ஏலே பேராண்டி, கோவப்படாமக் கேளு. ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாக் கணக்குப் போட்டுட்டு, விடியக்காலம் என்னைய எழுப்பி, "தாத்தா, என் விளையாட்டுப் பொட்டிக்கு விலை 39.99 டாலர்னு முடிவு பண்ணிட்டேன்"னு சொன்ன பாரு, அப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிவகாசி அச்சாபீஸ்ல நாப்பது வருசம் அட்டைப்பெட்டியோட மல்லுக்கட்டினவன் சிரிப்பு அது. கேலி இல்ல. சரி, கொஞ்சம் கேலியுந்தான்.

மொதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். சீனாவுல இருந்து மாதிரிக்கு வந்த பெட்டிய எடுத்து, மூடிய மேல வச்சுக் கைய விட்டேன். புஸ்ஸுன்னு காத்த விட்டுக்கிட்டு, மாமியா வீட்டுப் படி ஏறுற புது மாப்பிள்ளையாட்டம் மெள்ள இறங்குச்சு. மூலையில தாள் ஒட்டுனதுல ஒரு சுருக்கம் இல்ல. பசை வெளிய கசியல. தொழில் தெரிஞ்சவன் கை பட்டிருக்கு.

அப்புறம் உள்ள பாத்தேன். ரெண்டு புத்தகம், ஒரு துணி வரைபடம், ஏழு பகடை, ஒரு கட்டு சீட்டு. அத்தனையும் எடுத்துட்டு அடித்தட்டத் தூக்குனா, கீழ ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணுமே இல்ல. காத்து! கேட்டா, "கடை அலமாரியில பெருசாத் தெரியணும் தாத்தா"ங்கிற. எங்க ஊரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸுல பாக்காத வித்தையாடா இது? ஆனா பட்டாசுக்காரன் காத்தை லாரியில ஏத்துறான், நீ கப்பல்ல ஏத்துற. பொட்டி பெருசாக ஆக கண்டெய்னருக்குள்ள எண்ணிக்கை குறையும். நல்ல காலத்துல ரெண்டு மூவாயிரம் டாலருக்கு வந்த நாப்பதடி கண்டெய்னர், 2021ல பத்தாயிரத்தைத் தாண்டி எங்கயோ போச்சுன்னு நீதான சொன்ன? நீ இருக்குற மில்வாக்கியில இல்லாத காத்தா, ஷாங்காய்ல இருந்து வாடகை குடுத்துக் கொண்டாற?

இப்ப அந்த 39.99. ஒரு சென்டை யாருக்குடா தானம் பண்ணுன? சரி, நாப்பதுன்னே வச்சுக்குவோம். அந்த நாப்பதும் உன் பைக்கு வருதா? கடைக்காரன் பாதி விலைக்குத்தான் எடுப்பான். அவனுக்கும் உனக்கும் நடுவுல மொத்த வியாபாரி ஒருத்தன் உக்காந்திருக்கான். அவன் உங்கிட்ட எடுக்குறது நூத்துக்கு நாப்பதுக்கு. ஆக 16 டாலர். பொட்டி அடக்கம் 8. கப்பல், துறைமுகம், கோடவுன் எல்லாம் சேத்து 3. மிச்சம் 5. நீ போடப் போறது 1,500 பொட்டி, 7,500 டாலர் வருது. படம் போட்ட பிள்ளைக்கு எவ்வளவு குடுத்த? 9,000. கூட்டிக் கழிச்சா, ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ஒரு டாலர் நோட்டை மடிச்சு வச்சு விக்கிற. அதுவும் கடைசிப் பொட்டி வரைக்கும் வித்தாத்தான். நல்ல மனசுடா உனக்கு, உங்க பாட்டி வழி.

"ஆன்லைன்ல நேரா வித்தா முழுக்காசும் எனக்கே"ங்கிற. வரும், வரும். பொட்டி பொட்டியாத் தபால்ல அனுப்புற செலவும் உனக்கே வரும். இந்த அமெரிக்கத் தபால்காரன் புத்தகத்துக்குன்னா சலுகைக் கட்டணம் வச்சிருக்கான். விளையாட்டுச் சாமான்னா அது கிடையாது. பிரிட்டன்ல இன்னும் வேடிக்கை. வெறும் புத்தகத்துக்கு வாட் வரி சைபர். அதே புத்தகத்தைப் பகடையோட பொட்டிக்குள்ள வச்சியோ, அது விளையாட்டுச் சாமான், எடு 20 சதவீதம்! அட்டையும் பசையும் சேந்து ஒரு புத்தகத்தோட சாதியையே மாத்திருது பாரு.

போன வாரம் காருல லேக் ஜெனிவாவுக்குக் கூட்டிட்டுப் போயி, "இங்கதான் தாத்தா எல்லாம் பொறந்துச்சு"ன்னு ஏரியக் காட்டுன. 1974ல கேரி கைகாக்ஸும் கூட்டாளிகளும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு மொத ஈடு ஆயிரம் பொட்டி போட்டாங்களாம். விலை 10 டாலர். உள்ள மூணு சின்னப் புத்தகம். பகடை? அது தனிக்காசு. பொட்டி அடுக்குனதும் அவங்க கைதான். கூலி வெளிய போகல. பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளைக.

1979ல பகடைக்குத் தட்டுப்பாடு வந்தப்பவும் அசரலியே! நம்பர் அச்சடிச்ச துண்டுச் சீட்ட வச்சு, "ஒரு கோப்பையில போட்டுக் குலுக்கி எடுத்துக்கோ"ன்னுட்டான். அப்புறம் நீ பொத்திப் பொத்தி வச்சிருக்கிற அந்த 1983ஆம் வருசத்துச் செவப்புப் பொட்டி. அதுல பகடையோட ஒரு துண்டு மெழுகு கிரேயான் கிடந்துச்சே, எதுக்குன்னு ரொம்ப நேரம் புரியல. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா, பகடையில நம்பர் வெட்டியிருக்கு, மை இல்ல. கிரேயானத் தேச்சுத் துணியால துடைச்சா நம்பர் தெரியுது. மையேத்துற கூலிய வாங்குன சின்னப்பய தலையிலயே கட்டிட்டான்! அவனும் அதை ஒரு விளையாட்டாச் செஞ்சிருப்பான். கும்பிட வேண்டிய மூளைடா.

அதே கம்பெனிதான், டி.எஸ்.ஆர்., தொண்ணூறுகள்ல புத்தி மாறிப்போச்சு. டார்க் சன் ஒரு பொட்டி, பிளேன்ஸ்கேப் ஒரு பொட்டின்னு ஒவ்வொரு கற்பனை உலகத்துக்கும் தனித்தனியா. உள்ள வரைபடம் என்ன, புத்தகம் என்ன, பளபளப்பு என்ன! ஒரு உலகத்த வாங்குனவன் அடுத்த உலகத்த வாங்கல. புத்தகக் கடைக்குப் போன சரக்கு மூட்டை மூட்டையாத் திரும்பி வந்துச்சு. 1997ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்ங்கிற கம்பெனி அதை வாங்கிக் கணக்கப் புரட்டுனா, பல சாமானுக்கு ஆன செலவு, அது வித்து வந்த காசை விடக் கூடயாம். அந்தச் சரக்கு விக்காம இருந்திருந்தா, கம்பெனிக்குக் கொஞ்சம் ஆயுசு கூடியிருக்குமோ என்னமோ.

"2014ல அவங்களே 19.99க்கு ஸ்டார்ட்டர் செட் வித்தாங்களே"ன்னு மடக்குவ, தெரியும். அடேய், அது பந்தியில மொத வைக்கிற இனிப்பு. அதுல ருசி கண்டவன் பின்னாடியே வந்து ஒவ்வொண்ணும் 49.95னு மூணு தடிப் புத்தகம் வாங்குவான். உங்கிட்ட அடுத்த பதார்த்தம் என்ன இருக்கு? இனிப்பு வச்சுட்டு எலைய எடுத்துருவ.

இந்தத் தொழில்ல பழைய ஆளுக வாய்க்கணக்கு ஒண்ணு உண்டாம்ல, அடக்கத்துக்கு அஞ்சு மடங்காவது அட்டையில போடணும்னு. கப்பல் செலவோட சேத்து உன் அடக்கம் 11. விலை 55. வாயப் பொளக்காத. 55ன்னு போட்டா எவனும் வாங்க மாட்டான்னு பயமா இருந்தா, அந்த ரெண்டு இஞ்சை வெட்டு. துணி வரைபடத்தத் தாள்ல போடு. சீட்டுக்கட்டு வேணுமான்னு உன் மனசாட்சியக் கேளு. சீனாச் சரக்குக்கு 2025 ஏப்ரல்ல இந்த ஊருக்காரன் 145 சதவீதம் வரி போட்டுட்டு, அடுத்த மாசமே இறக்கினான். நடுக்கடல்ல சரக்கு வச்சிருந்தவன் தூங்கியிருப்பான்னு நினைக்கிற? அதுக்கும் ஒரு டாலர் எடுத்து ஒதுக்கி வையி.

இல்ல, 39.99 தான்னா அதையே வையி ராசா. என்னோட விசிட்டர் விசா இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. உக்காந்து பொட்டிக்குள்ள நோட்டு மடிச்சு வைக்கிறேன்.

என்னது, மாதிரிப் பொட்டியக் காணோமா? அடுப்படி அலமாரியில மேல் தட்டுல பாரு. பாட்டி முறுக்கு போட்டு வச்சிருக்கா. நாலு நாளாச்சு, ஒண்ணு கூட நமுத்துப் போகல.